கொடையா, சிறைமீட்பா?
நூதனசாலைகள் திருப்பியளிக்கும் ஆதிக்குடிகளின் பொருள்கள் பற்றிய ஒரு நோக்கு

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே வத்திக்கான் நூதனசாலைகளின் இனவியற் சேகரிப்பிலிருந்து 62 பொருள்கள் கனடாவின் கத்தோலிக்க ஆயர் பேரவையிடம் கையளிக்கப்பட்டன. இனுயிற் மக்களின் கயாக் படகொன்றும் அவற்றுள் அடங்கும். 1925இல் உரோமாபுரியில் நிகழ்ந்த மறைபரப்புக் கண்காட்சியுடன் தொடர்புடைய இப்பொருள்கள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின் கடல்கடந்து திரும்பின. இச்செயலைக் குறிப்பதற்கு வழங்கப்பட்ட சொல் 'கொடை' என்பதாகும். கொடுத்தவர் பாப்பரசர், ஏற்றவர்கள் ஆயர்கள், ஆயர்களின் வழியாகவே அவை ஆதிக்குடிகளின் அமைப்புகளைச் சென்றடைய வேண்டியிருந்தது.

செய்தி மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அச்சொல் நம்மைச் சற்று நிறுத்தி வைக்கின்றது. ஒருவருடைய பொருளை அவரிடமே சேர்ப்பிப்பது எவ்வாறு கொடையாகும்? நூதனசாலைகள் பொருள்களைத் திருப்பியளிக்கும்பொழுது கையாளும் சொற்கள் வெறும் மரியாதைச் சொற்கள் அல்ல. பொருள் யாருடையது, அது எவ்வாறு வந்தது, திரும்பியபின் அதன்மீது யாருக்கு அதிகாரம் உண்டு என்னும் வினாக்களுக்கான விடைகள் அச்சொற்களினுள்ளே முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன. கனடாவின் மேற்குக் கரையிலே, வன்கூவர் தீவின் வடபாகத்தையும் அதனையடுத்த தீவுகளையும் தாயகமாகக் கொண்ட குவாகுவாக்கவாக் மக்களின் முகமூடிகளுக்கு நேர்ந்த வரலாறு இவ்வகையில் ஆராயத்தக்கது. அம்மக்கள் கொடுத்தமைக்காகவே தண்டிக்கப்பட்டவர்கள் என்பது இவ்வரலாற்றிற்குத் தனியானதொரு கூர்மையை அளிக்கின்றது.

பொட்லாச் என்னும் சொல் அக்கரையில் வழங்கிய வணிகக் கலப்புமொழியான சினூக்கிலிருந்து வந்தது. கொடுத்தல் என்பதே அதன் பொருள். பெயர் சூட்டல், திருமணம், இறந்தோர் நினைவு, தலைமையுரிமை கைமாறல் முதலிய தருணங்களில் ஒரு குடும்பத் தலைவன் அயற்கிராமத்தாரை அழைப்பான். தன் குலத்துக்குரிய நடனங்களை அவற்றுக்குரிய முகமூடிகளுடன் ஆடுவிப்பான். தன் குலத்தின் தோற்றக் கதையை அவையறியச் சொல்லுவான். முடிவில் வந்தோர் அனைவருக்கும் அவரவர் நிலைக்கேற்பப் பொருள் வழங்குவான். ஈகை அக்கொடையின் ஒரு பக்கமே. பெற்றுக்கொண்டவர்கள் யாவரும் சாட்சிகளாகின்றனர். இன்ன பெயர், இன்ன நடனம், இன்ன ஆற்றின் மீன்பிடியுரிமை இன்ன குடும்பத்துக்குரியது என்பதைத் தாம் கண்டதாக அவர்கள் பிற்காலத்தில் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்கள். எழுத்தில் உறுதிகள் முடிக்காத ஒரு சமுதாயத்தில் பொட்லாச் மண்டபமே காணிப் பதிவகமும் நீதிமன்றமும் வரலாற்றேடும் ஆகும். முகமூடியை வெறும் அலங்காரப் பொருளாகக் கொள்வது காணி உறுதியை அதன் எழுத்தழகுக்காகச் சட்டமிட்டு மாட்டுவதற்கு ஒப்பாகும்.

சங்க இலக்கியத்திலே தோய்ந்த நம்மவர்க்கு இவ்விடத்து வள்ளன்மை நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் ஒப்புமையை அவசரப்பட்டு நீட்டிவிடக் கூடாது. பாணனும் புலவனும் பரிசில் பெற்றுப் புகழைப் பரப்பினர். கொடுப்போனுக்கும் பெறுவோனுக்கும் இடையே நிலை வேற்றுமை நிலைத்து நின்றது. பொட்லாச்சிலோ இன்று பெற்ற தலைவன் நாளை கொடுத்தாக வேண்டும். அதுவும் பெற்றதனிலும் மிகுதியாக. பெற்று வாளாவிருத்தல் இழிவாகும். கொடை கடனை உண்டாக்குகின்றது என்னும் இச்செய்தியைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

இச்சமுதாயத்தை ஏற்றத்தாழ்வற்றதொரு பொற்காலமாகச் சித்திரிப்பதும் தவறாகும். தலைவர்களும் பொதுமக்களும் அங்கிருந்தனர். முற்காலத்தில் போரிற் பிடிபட்ட அடிமைகளும் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மென்மயிர் வணிகமும் மீன் தகரத் தொழிற்சாலைகளின் கூலியும் புதிய செல்வத்தைக் கொணர்ந்தன. 1862ஆம் ஆண்டின் பெரியம்மை பெருந்தொகையானோரைக் கொன்று, தலைமைப் பதவிகள் பலவற்றை உரியோரின்றி வெறுமையாக்கியது. பொட்லாச் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விரிவடைந்தமைக்கு இவையெல்லாம் காரணங்களாயின. மாறாத தொல்வழக்கொன்றை நாகரிகம் வந்து குலைத்தது என்ற எளிய கதைக்கு வரலாறு இடந்தரவில்லை.

1884இல் நிறைவேறி, 1885ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தினால் கனடிய அரசு பொட்லாச்சைக் குற்றமாக்கியது. மிஷனரிமாரும் அரசின் முகவர்களும் இதற்குக் காட்டிய காரணங்களுள் ஒழுக்கத்தைவிடப் பொருளாதாரமே மேலோங்கி நின்றது. இம்மக்கள் உழைத்ததைச் சேர்த்து வைப்பதில்லை. மாதக்கணக்கில் தொழிலை விட்டு விழாவெடுக்கின்றனர். ஈட்டியதையெல்லாம் ஒரே நாளில் வாரி வழங்கி வறியவராகின்றனர் என்பதே முறைப்பாடு. தனியுடைமையும் திரட்டலும் அறமெனக் கொண்டதொரு சமுதாய அமைப்புக்கு, கொடுப்பதனாலேயே மதிப்பு உயரும் என்ற எண்ணம் சகிக்க முடியாததாயிற்று.

சட்டம் நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது. 1918இல் செய்யப்பட்ட திருத்தம் இவ்வழக்குகளைச் சுருக்கமுறையில் விசாரிக்கும் அதிகாரத்தை முகவர்களுக்கே வழங்கிற்று. அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1921ஆம் ஆண்டு திசம்பரில் வில்லேஜ் தீவிலே டான் கிரான்மர் என்னும் தலைவர் பெரியதொரு பொட்லாச்சை நடத்தினார். முகவர் வில்லியம் ஹலிடேக்குச் செய்தி எட்டியது. 45 பேர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. நீதவானாக அமர்ந்தவரும் அந்த ஹலிடேயே. குற்றங்கள் எவை? உரை நிகழ்த்தியமை, நடனமாடியமை, கொடுப்பதற்கான பொருள்களை ஒழுங்கு செய்தமை, அவற்றைப் பெறுவோரிடம் எடுத்துச் சென்றமை! தம் கிராமத்தார் முகமூடிகளையும் சடங்குப் பொருள்களையும் முற்றாக ஒப்படைப்பின் தண்டனை ஒத்திவைக்கப்படும் என்று சொல்லப்பட்டது. ஒப்படைக்க மறுத்தவர்கள், பெண்கள் உட்பட, ஒகல்லாச் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

இவ்வாறு பெறப்பட்ட முகமூடிகள், கிலுகிலுப்பைகள், தலையணிகள், பெயரும் வரலாறும் கொண்ட செப்புத் தகடுகள் ஆகியன அலேர்ட் பேயிலுள்ள திருச்சபை மண்டபத்தில் வாங்குகளின்மீது அடுக்கப்பட்டுப் புகைப்படம் பிடிக்கப்பட்டன. அவற்றுள் 35 பொருள்களை நியூயோர்க்கைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஜோர்ஜ் ஹையிற்கு ஹலிடே 291 டொலருக்கு விற்றார். எஞ்சியவை ஒட்டாவாவுக்குச் சென்றன. ஒரு பகுதி பின்னர் ரொறன்ரோவிலுள்ள அரச ஒன்ராரியோ நூதனசாலையை அடைந்தது. உரியவர்களுக்கெனச் சிறு தொகையொன்று வழங்கப்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டது. செப்புத் தகடொன்று கைமாறுந்தோறும் அதன் மதிப்பு உயரும். அது ஆயிரக்கணக்கான கம்பளிகளுக்கு ஈடாகக் கருதப்படும். அதனை உலோகமென்று மதித்த கணக்குப்பிள்ளையின் பேனாவுக்கு இது எங்ஙனம் தெரியும்?

இலக்கிய மாணவர்கள் இங்குக் கவனிக்க வேண்டிய பெயரொன்று உண்டு. அக்காலத்தில் இத்திணைக்களத்தின் தலைமை அதிகாரியாக இருந்தவர் டங்கன் கம்பெல் ஸ்கொட். 1913 முதல் 1932 வரை அப்பதவியை வகித்த அவர், கனடிய ஆங்கிலக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவராகவும் போற்றப்பட்டவர். மறைந்து செல்லும் ஆதிக்குடிகள் பற்றி மனமிரங்கும் கவிதைகள் அவருக்குப் புகழ் சேர்த்தன. ஆதிக்குடிப் பிள்ளைகள் பள்ளி செல்வதைக் கட்டாயமாக்கிய 1920ஆம் ஆண்டுத் திருத்தத்தை முன்னின்று கொண்டுவந்தவரும் அவரே. கைப்பற்றப்பட்ட பொருள்களுட் சிலவற்றை அவர் தமக்கென எடுத்துக்கொண்டமையும் பதிவாகியுள்ளது. கவிஞர் வேறு, அதிகாரி வேறு என்று பிரித்துக் காட்டி அவரைக் காப்பாற்ற முயலும் விமர்சகர் உளர். அப்பிரிவினை எனக்கு உடன்பாடன்று. மறைந்துபோதல் இயற்கையின் விதியென்று கவிதை சொல்லும்பொழுது மறையச்செய்யும் கை கண்ணுக்குத் தெரியாது போகின்றது. நூதனசாலையின் கண்ணாடிப் பேழையும் இதே இரங்கற்பாவைத்தான் பாடுகின்றது.

1925இல் மார்செல் மோஸின் கொடை பற்றிய புகழ்பெற்ற கட்டுரை பாரிசில் வெளிவந்தது. கொடுத்தல், ஏற்றல், திருப்பிக்கொடுத்தல் என்னும் மூன்று கடப்பாடுகளைப் பற்றிய அவருடைய கோட்பாட்டுக்கு, பிரான்ஸ் போவாஸ் குவாகுவாக்கவாக் மக்களிடையே திரட்டிய செய்திகள் முக்கிய ஆதாரங்களுள் ஒன்றாயின. மானுடவியல் கொடையைக் கோட்பாடாக உயர்த்திய அதே காலத்தில் அக்கோட்பாட்டின் மூலவர்கள் கொடுத்த குற்றத்துக்காகச் சிறையிலிருந்து மீண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வத்திக்கான் கண்காட்சியும் அவ்வாண்டினதே. இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கருத்துகளும் பொருள்களும் ஒரே திசையில், கரையிலிருந்து தலைநகரங்களை நோக்கி, பயணஞ்செய்த காலம் அது என்பது தற்செயலன்று.

1951இல் சட்டம் மீள வரையப்பட்டபொழுது பொட்லாச் தடை அதில் இடம்பெறவில்லை. தடை தவறானது என்று எவரும் அறிவிக்கவில்லை. அந்தப் பிரிவு ஓசையின்றி விடப்பட்டது, அவ்வளவுதான். பொருள்களை மீளப் பெறுவதற்கான முயற்சி அதன்பின் தொடர்ந்தது. ஒட்டாவாவின் தேசிய நூதனசாலை இறுதியில் இணங்கியது, ஆனால் நிபந்தனையுடன். அவற்றை வைப்பதற்கு நூதனசாலை கட்டப்பட வேண்டும் என்பதே அந்நிபந்தனை. சமுதாயம் இரு இடங்களில் கட்டியது: குவாட்ரா தீவின் கேப் மட்ஜில் ஒன்று 1979இலும், அலேர்ட் பேயில் மற்றொன்று 1980இலும் திறக்கப்பட்டன. சொந்தப் பொருளைப் பெறுவதற்குக் கொண்டவனின் நிறுவன வடிவத்தையே தானும் மேற்கொள்ள வேண்டியிருந்தது என்பது கசப்பான உண்மை.

எனினும் அலேர்ட் பே மக்கள் அந்நிபந்தனையைத் தம் வயப்படுத்திய முறை வியக்கத்தக்கது. அவர்கள் தம் நிலையத்துக்கு உமிஸ்தா என்று பெயரிட்டனர். முற்காலத்தில் பகைவராற் சிறைபிடிக்கப்பட்டோர், மீட்புப் பொருள் கொடுக்கப்பட்டோ உறவினர் மேற்சென்று போரிட்டோ வீடு திரும்பினால், அவர்கள் உமிஸ்தா பெற்றவர்கள் எனப்பட்டனர். இச்சொல்லின்படி முகமூடிகள் சேகரிக்கப்பட்டவையல்ல, சிறைபிடிக்கப்பட்டவை. திரும்பி வந்தவை நூதனசாலையின் தாராளத்தினாலன்று, உறவினரின் முயற்சியினால். ஒரே பெயரினால் ஐம்பத்தெட்டாண்டு வரலாற்றின் இலக்கணமே மாற்றி எழுதப்பட்டு விட்டது. எழுவாயாக இருந்த நூதனசாலை செயப்படுபொருளாயிற்று!

காட்சிமுறையும் இதற்கிசைய அமைந்தது. நெடுங்காலம் அந்நிய இடத்திற் பூட்டிவைக்கப்பட்டவற்றை மீண்டும் பூட்டிவைத்தல் தகாது என்று கருதி, அம்முகமூடிகளைக் கண்ணாடிப் பேழைகளின்றித் திறந்தநிலையில், பொட்லாச்சில் அவை தோன்றும் ஒழுங்கிலேயே வைத்தனர். டான் கிரான்மரின் மகளும் மானுடவியலாளருமான குளோரியா கிரான்மர் வெப்ஸ்டர் இந்நிலையத்தை உருவாக்குவதில் முன்னின்றார். 1983இல் வெளிவந்த 'பொக்கிஷப் பெட்டி' என்ற ஆவணப்படம் இவ்வீடு திரும்பலைப் பதிவுசெய்துள்ளது. 1929இல் எழுப்பப்பட்ட புனித மிக்கேல் வதிவிடப் பாடசாலையின் செங்கற் கட்டடம், பிள்ளைகளின் தாய்மொழியைப் பறித்த நிறுவனம், இந்நிலையத்தின் அருகிலேயே நின்றது. 2015இல் அது இடிக்கப்பட்டது. மொழி பயிற்றும் வேலையை இன்று உமிஸ்தா செய்கின்றது.

ஜேம்ஸ் கிளிபர்ட் இந்த இரு நிலையங்களையும் வன்கூவரிலும் விக்ரோரியாவிலுமுள்ள பெரிய நூதனசாலைகளுடன் ஒப்பிட்டு எழுதியது இத்துறையிற் சிறந்த விமர்சனங்களுள் ஒன்று. கேப் மட்ஜில் ஒவ்வொரு பொருளும் எந்தக் குடும்பத்துக்குரியது என்பது அழுத்தம் பெறுவதையும், அலேர்ட் பேயில் சமுதாயத்தின் பொது வரலாறும் பறிப்பின் கதையும் முதன்மை பெறுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். 'சமுதாயத்திடம் திருப்பியளித்தல்' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; ஆனால் சமுதாயம் என்பது ஒற்றை முகங்கொண்டதன்று. முகமூடிக்கு உரிமை கொண்டாடுவது குடும்பம். கட்டடத்துக்கு நிதி பெறுவது கிராம மன்றம் போன்ற பொது அமைப்பு. இவ்விழுபறியை ஒரு குறைபாடாகக் காட்டி, தங்களுக்குள்ளேயே உடன்பாடில்லாதவர்களிடம் எதனைக் கொடுப்பது என்று கேட்கும் நூதனசாலை அதிகாரிகள் உளர். உடைமை பற்றிய வழக்கு உயிருள்ள சமுதாயங்களில் இருந்தே தீரும். வழக்கேயில்லாத உடைமை பேழைக்குள் இருக்கும் உடைமையே.

'பாதுகாத்தோம்' என்பதே நூதனசாலைகளின் வலிமையான வாதம். அதனை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. போவாசும் அவருடைய உள்ளூர்க் கூட்டாளியான ஜோர்ஜ் ஹன்ட்டும் எழுதிவைத்த பக்கங்களை அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்று தாமே பயன்படுத்துகின்றனர். ஒட்டாவாவுக்குச் செல்லாதிருந்தால் சில முகமூடிகள் தீயிலோ ஈரத்திலோ அழிந்திருக்கவும் கூடும். ஆனால் அழிவு எப்பொழுதும் இழப்புத்தானா? ஹைஸ்லா மக்களின் கம்பம் இவ்வினாவை நேராக எழுப்பியது. பெரியம்மையில் உறவினரை இழந்த தலைவர் ஜிப்ஸ்கொலொக்ஸினால் 1872இல் செதுக்குவிக்கப்பட்ட அந்த ஒன்பது மீற்றர் மரக் கம்பம் 1929இல் வெட்டியெடுக்கப்பட்டு, சுவீடன் கொன்சல் ஒருவரின் ஏற்பாட்டில் ஸ்ரொக்ஹோம் சென்றது. 1991இல் ஹைஸ்லாப் பிரதிநிதிகள் அங்குச் சென்று அதனைக் கேட்டனர். கம்பம் தன் காலம் முடிந்ததும் சாய்ந்து மண்ணோடு மண்ணாதல் அவர்களின் மரபு. நூதனசாலைத் தரப்போ ஏற்ற பாதுகாப்புக் கட்டடம் பற்றிக் கேட்டது. ஒருவர் மரணத்தை மதிக்கின்றார். மற்றவர் மரம் உளுத்துப் போவதை எண்ணி வருந்துகின்றார். இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசினர் என்று சொல்ல முடியுமா?

1994இல் சுவீடன் அரசு அக்கம்பத்தைக் 'கொடையாக' வழங்க அனுமதித்தது. கைமாறாக ஹைஸ்லாச் சிற்பிகள் புதிய கம்பங்கள் இரண்டைச் செதுக்கினர். ஒன்று பழைய இடத்தில் 2000ஆம் ஆண்டில் நாட்டப்பட்டது. மற்றொன்று ஸ்ரொக்ஹோமுக்கு வழங்கப்பட்டது. மூலக் கம்பம் 2006இலேதான் ஊர் திரும்பியது. இக்கொடுக்கல் வாங்கலில் உண்மையிற் கொடுத்தவர் யார்? பறிகொடுத்தவர்களே தம் உழைப்பால் இன்னொன்றைச் செய்து பறித்தவர்க்கு அளித்திருக்கின்றனர். மோஸின் மொழியிற் கூறினால், கொடை பெறுவோனைக் கடனாளியாக்கும். தம் பொருளையே பெற்றவர்களைக் கடனாளிகளாக்கும் ஆற்றல் அந்த ஒரு சொல்லுக்கு உண்டு. அதனைப் பதிற்கொடையால் உடனே தீர்த்துவிட்ட ஹைஸ்லா மக்கள் தம் மரபின் இலக்கணத்தை நன்கறிந்தவர்கள்.

சட்டங்களின் சொற்களும் இதே கவனத்துடன் வாசிக்கப்பட வேண்டியவை. ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் 2007ஆம் ஆண்டுப் பிரகடனம், சடங்குப் பொருள்களையும் மனித எச்சங்களையும் பற்றிக் கூறுமிடத்து, அவற்றை அணுகுவதை 'மற்றும் அல்லது' திருப்பியளிப்பதை அரசுகள் இயலச்செய்ய முயலவேண்டும் என்கின்றது. அந்த 'அல்லது' என்ற சிறு சொல்லுக்குள் ஒரு நூதனசாலை முழுவதும் ஒளிந்துகொள்ளலாம். அப்படியிருந்தும் கனடா அன்று எதிர்த்தே வாக்களித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2024இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இதனினும் திட்டமானவை: காட்சிக்கு வைப்பதற்கே உரிய சமுதாயத்தின் முன்னனுமதி வேண்டும். அதன் விளைவாக நியூயோர்க்கின் இயற்கை வரலாற்று நூதனசாலை இரு பெரும் கூடங்களை மூடியது. நல்லெண்ணம் பல்லாண்டுகளில் செய்யாததைச் சட்டத்தின் ஒரு வரி சில கிழமைகளிற் செய்தது.

'மீளத் தாயகமனுப்பல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே இன்று இத்துறையின் பொதுச் சொல். இலங்கைத் தமிழர் செவிக்கு அது இனிய சொல்லன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை மலையக மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்தபொழுது, இங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர் பலர் தாம் கண்டிராத 'தாயகத்துக்கு'த் திருப்பியனுப்பப்பட்டனர். அனுப்பப்படுவோரின் விருப்பத்தைக் கேளாமல் இரு அரசுகள் தமக்குள் பேசி முடிக்கும் கருமத்துக்கு அச்சொல் நன்கு பொருந்தும். பொருள்களின் விடயத்திலும் இதே ஆபத்து உண்டு. 2023இல் நெதர்லாந்து கண்டிச் சிறுபீரங்கி உட்பட ஆறு பொருள்களை இலங்கைக்குத் திருப்பியளித்தது. அது அரசிடமிருந்து அரசுக்குச் சென்ற கையளிப்பு. 2019இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் தன்வசமிருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளைக் கையளித்தபொழுதோ, அவற்றைப் பெற வேடர் தலைவரே நேரிற் சென்றிருந்தார். முன்னையது தேசத்தின் பெருமை. பின்னையது முன்னோரின் எலும்புகள். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது எனக்குச் சரியெனத் தோன்றவில்லை. கீழ்க்கரையில் தமிழ் பேசி வாழும் வேடரும் உளர் என்பதை மறந்து இதனை நமக்குச் சம்பந்தமற்ற செய்தியாக வாசித்தவர்கள் நம்மிடையே பலர்.

குவாகுவாக்கவாக் முகமூடிகளின் சிறை இன்னும் முற்றாகத் திறக்கவில்லை. ரொறன்ரோ நூதனசாலை தன் பங்கை 1988இல் அளித்தது. ஹையின் சேகரிப்பைப் பொறுப்பேற்ற அமெரிக்க தேசிய நூதனசாலை 1993இலும் 2002இலும் அளித்தது. பாரிசில் சர்ரியலிசக் கவிஞர் அந்திரே பிரெத்தோனின் சேகரிப்பிலிருந்த தலையணியொன்றை அவருடைய மகள் 2003இல் எந்தச் சட்டத்தின் வற்புறுத்தலுமின்றித் திருப்பிக் கொடுத்தார். பிரித்தானிய நூதனசாலையிடம் உருமாற்ற முகமூடியொன்று இருந்தது. 1963ஆம் ஆண்டின் தன் சட்டம் சேகரிப்பை விட்டுக்கொடுக்க இடந்தராது என்று அது கூறிற்று. 2005இல் அம்முகமூடி அலேர்ட் பேயை அடைந்தது: நீண்டகாலக் கடனாக. சிறைமீட்பு என்று பெயர்கொண்ட மண்டபத்திலே, தன் உறவு முகமூடிகளின் நடுவே, அது இலண்டனின் இருப்பேட்டுக்குரிய பொருளாக நின்றது.